ஆலப்புழை மாளிகைக்கு மச்சானோடு

கோயமுத்தூர் ரயில் நிலையத்தில் ஒரு பம்பாய் ஜவுளி வியாபாரி தம் தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து தூங்கி விழுவதைப் பார்த்த கணத்தில்தான் எனக்கு இந்த யோசனை பிறந்தது. யாரையோ வண்டியேற்றப் போனவன் நான். பெட்டியிலிருந்து சரிந்துவிடுவாரோ என்று தோளைத் தொட்டு எழுப்பினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊர் ஆலைப் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டே வந்தேன் ஐயா, எல்லாம் சரி, ஒரு மனிதன் குளித்துவிட்டுக் காலை நீட்டிப் படுக்க இங்கே ஓர் அறை எங்கே இருக்கிறது?

சத்திரத்தைச் சொன்னேன். அங்கிருந்துதான் வருகிறேன் என்று கழுத்தைச் சொறிந்து காட்டினார்.

பைக்காரா மின்சாரம் வந்துவிட்டது. சிறுவாணித் தண்ணீர் குழாயில் கொட்டுகிறது. ஆர்.எஸ்.புரத்தில் வாரம் ஒரு புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஆனால் ஊருக்கு வந்தவன் மூட்டைப்பூச்சிக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வெட்கத்தோடு வெளியே வந்து நிமிர்ந்தேன். ரஸ்தாவுக்கு அந்தப் பக்கம், மாடியும் வராந்தாவுமாக, என் மச்சானின் பங்களா பூட்டிக் கிடந்தது.

மச்சான் நாச்சிமுத்து என் மனைவியின் அண்ணன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். பங்களா அவர் தகப்பனார் பஞ்சு வியாபாரம் செய்த காலத்தில் கட்டியது. மறுநாளே உடுமலைக்கு ஓடினேன். அந்தக் கட்டடத்தை என்னிடம் விடுங்கள், மெத்தையும் வெந்நீரும் மின்சார விளக்குமாக ஒரு விடுதி நடத்திக் காட்டுகிறேன் என்றேன். அவர் இளநீரைக் குடித்து முடித்தார். பிறகு, ஒரு ஆலைக்காரர் அதைப் பஞ்சுக் கிடங்காகக் கேட்கிறார் என்றும், ஆடி பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"சோறு விக்கறதுக்குங்களா எங்கய்யன் ஊடு கட்டுனாரு? எங்காச்சும் இது மரியாதையா நடக்குதுன்னா, கண்ணுல காட்டுங்க மாப்பிளே. பார்த்துப்போட்டுச் சொல்றேன்."

ஆனி மாதத்தில் பத்து நாள் பாக்கி இருந்தது. கயிறு வியாபாரி ஒருவர் ஆலப்புழையில் விடுதியாக நடக்கும் ஒரு மாளிகையைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருந்தேன். தந்தி கொடுத்து அறை சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை

போத்தனூரில் மச்சான் பொள்ளாச்சி வண்டியிலிருந்து இறங்கி என்னோடு சேர்ந்துகொண்டார். கையில் ஒரு துணிப்பை, தோளில் ஒரு கட்டுச்சோற்று மூட்டை. மாளிகையில் ஐந்து வகை சமைப்பார்கள் என்று நான் சொன்னதற்கு, இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

பாலக்காட்டுக் கணவாய் தாண்டியதும் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. நம் பக்கத்தில் செம்மண் பறக்க, கமலை ஏற்றம் முனகிக்கொண்டிருக்கும் அதே மாதத்தில், இங்கே வயலெல்லாம் தண்ணீர் நிரம்பி வழிகிறது. நான் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி ஏறினேன். ஒற்றப்பாலத்தில் வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து தொற்றினேன். "மாப்பிளே, வண்டியோடவே ஓடி வர்றதுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?" என்றார் மச்சான். ஷொர்ணூரில் வண்டி மாறி எர்ணாகுளம் போய்ச் சேர இருட்டிவிட்டது. தெரிந்தவர் கடையில் படுத்தோம்.

சனிக்கிழமை

காலை ஏழு மணிக்கு மோட்டார் படகு. ஆலப்புழைக்கு முப்பத்தைந்து மைல் என்கிறார்கள், ஆளுக்குப் பன்னிரண்டணா. படகு காயல் என்கிற உப்பங்கழிக்குள் நுழைந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தேன். கரை எங்கே, ஆழம் எவ்வளவு, இந்தப் பாய்மர வள்ளத்தில் என்ன ஏற்றியிருக்கிறது என்று படகுக்காரரைத் துளைத்தெடுத்தேன். மச்சான் அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை தண்ணியை வைத்துக்கொண்டு ஒருத்தனும் பாய்ச்சுவதில்லையா என்று கேட்டார். உப்புத் தண்ணீர் என்றேன். வாய்க்கால் முறைக்காக அரிவாள் தூக்குகிற ஊரிலிருந்து வந்தவர். அவருக்கு மனசு ஆறவில்லை.

பிற்பகலில் படகு காயலை விட்டு வாய்க்காலுக்குள் திரும்பியது. ஆலப்புழையை வாய்க்கால் நகரம் என்று கேள்விப்பட்டதுண்டு. ஆனால் கண்ணால் பார்க்கும்போதுதான் புரிகிறது, இங்கே வாய்க்கால்தான் ரஸ்தா. ஜட்காவும் வண்டியும் நிற்க வேண்டிய இடத்தில் வள்ளங்கள் நிற்கின்றன. கயிற்றுக் கிடங்குகளின் வாசல்படி நேரே தண்ணீரில் இறங்குகிறது. ஊறிய தேங்காய் மட்டையின் நாற்றம் மட்டும் மூக்கைத் துளைக்கிறது. மச்சானுக்கு அது மணமாகப் பட்டது போலும். ஊரில் எரிக்கிற மட்டையை இங்கே பொன்னாக்குகிறார்கள் என்று முதல் முறையாக முகம் மலர்ந்தார்.

மாளிகையின் படித்துறையில் படகு ஒதுங்கியது. நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு மிளகு வியாபாரி, கப்பல் தலைவர்கள் சரக்கு ஏறும்வரை தங்குவதற்காகக் கட்டிய விருந்தினர் மாளிகையாம். தேக்கு மரத் தூண்கள் யானைக்கால் பருமன். ஜன்னல் வளைவுகளில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. திறந்த கதவு வழியே ஒரு ஆள் உயரச் சீனச் சாடியும், அதற்கு அப்பால் பளபளக்கும் கருங்காலி மேஜையும் தெரிந்தன. நான் இரண்டிரண்டு படியாக ஏறி உள்ளே போய்விட்டேன். கூடத்தைச் சுற்றி வந்து, மாடியை எட்டிப் பார்த்து, திரும்பினால் மச்சானைக் காணோம்.

அவர் படித்துறையிலேயே நின்றுகொண்டிருந்தார். தோளில் கட்டுச்சோறு.

"ஏனுங் மச்சான், வாங்க."

"நீங்க கூப்புட்டா ஆச்சுங்களா? இது உங்க ஊடா?"

அப்போதுதான் உறைத்தது. நம் பக்கத்தில் எந்த வீட்டு வாசலானாலும், வீட்டு ஆள் ஒருவர் வெளியே வந்து 'வாங்க' என்று சொல்லாமல் யாரும் காலெடுத்து வைப்பதில்லை. அண்ணன் தம்பி வீடானாலும் அப்படித்தான். சொல்ல ஆளில்லையென்றால் இருமிக்கொண்டு நிற்போம். இங்கேயோ ஆளே கண்ணில் படவில்லை. அதுதான் இந்த மாளிகையின் பெருமை என்று கயிறு வியாபாரி சொல்லியிருந்தார். வெந்நீர் வரும், கொண்டு வந்தவன் தெரியமாட்டான். படுக்கை விரிந்திருக்கும், விரித்தவன் தெரியமாட்டான்.

மானேஜர் மாத்தச்சனைத் தேடிப் பிடித்தேன். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாக, தமிழ் நன்றாகவே பேசினார். விஷயத்தைச் சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. கட்டடம் பிடிக்கவில்லையா என்றார். அழைக்க வேண்டும் என்றேன். விருந்தினரை நாங்கள் தொந்தரவு செய்வதில்லை, வேண்டுமென்றால் அவர் மணியடிக்கலாம் என்றார். நான் கூடத்துக்கும் படித்துறைக்குமாக நடந்தேன். இவர் இப்படியே படகேறித் திரும்பினால் என் விடுதி பஞ்சுக் கிடங்குதான்.

நல்லவேளையாக மழை பிடித்தது. விருந்தினர் நனைவதை எந்த மானேஜரும் பொறுக்கமாட்டார் அல்லவா? மாத்தச்சன் பெரிய குடையை விரித்துக்கொண்டு படியிறங்கி மச்சானின் தலைக்கு மேல் பிடித்தார். மச்சான் ஒரு கணம் யோசித்தார். குடை பிடித்தால் கூப்பிட்ட மாதிரிதான் என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்.

அறை ஒரு நாளைக்கு நாலு ரூபாய். கட்டிலில் ஏற மூன்று படி வைத்த ஏணி. சிங்கக் கால் வைத்த பீங்கான் தொட்டி, அதில் வெந்நீர். நான் தொட்டியில் இறங்கினேன், ஏறினேன், விளக்குகளைப் போட்டு அணைத்தேன், மெத்தையைத் தூக்கி அடியில் என்ன பஞ்சு என்று பார்த்தேன். மச்சான் கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இதிலிருந்து விழுந்தால் வைத்தியர் உண்டா என்று கேட்டுவிட்டுத் தரையில் துண்டை விரித்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. மச்சான் எழுந்திருக்கவில்லை.

"மணியடிச்சா வர்றதுக்கு நாம பள்ளிக்கூடத்துப் பசங்களாங்க?"

கடைசியில் எனக்குத் துணையாக வந்து, இருபது பேர் உட்காரும் மேஜையில், வெள்ளி முட்கரண்டிகளுக்கும் மடித்த வெள்ளைத் துணிகளுக்கும் நடுவில், மச்சான் வாழை இலையைப் பிரித்துப் புளிச்சோறு உண்டார். எனக்கு எதிரே மீனும் கோழியும் ஆவி பறக்க இருந்தன. எதுவும் இறங்கவில்லை. அவர் தம் புளிச்சோற்றில் ஒரு உருண்டை எனக்குத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை

நான் விடியற்காலையே எழுந்து மாளிகையின் பின்புறமெல்லாம் சுற்றினேன். துணி வெளுக்கிற இடம், வெந்நீர் அடுப்பு, சாவி மாட்டும் பலகை, மீன் வந்து இறங்கும் சின்னப் படித்துறை எல்லாவற்றையும் பார்த்தேன். மாத்தச்சன் சலிக்காமல் பதில் சொன்னார். பிறகு ஊர் சுற்ற மச்சானைக் கூப்பிட்டேன். வரவில்லை என்றார். கலங்கரை விளக்கம், கடல் பாலம், கயிற்றுத் தொழிற்சாலை என்று தனியாகவே ஓடினேன். எதையும் முழுசாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும், இந்நேரம் மச்சான் மனசில் என்ன ஓடுகிறதோ என்றே இருந்தது.

மாலையில் மழையோடு திரும்பினேன். தூரத்திலிருந்தே பார்த்தேன், படித்துறையில் ஒரு வள்ளம் வந்து நின்றிருந்தது. தூத்துக்குடிக்காரர் ஒரு டாக்டர், அவர் மனைவி, நான்கு பெட்டிகள். இருவரும் இருண்ட கூடத்தைப் பார்த்துக்கொண்டு, சரியான இடம்தானா என்று தயங்கி நின்றார்கள். மாளிகையின் வழக்கப்படி யாரும் வெளிவரவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்தார்.

"வாங்க, வாங்க. அம்மணி, படி வழுக்குதுங்க, பார்த்து வாங்க. நனையாம உள்ளார வந்துருங்க."

அதோடு நிற்கவில்லை. மேஜைமேல் இருந்த கூஜாவிலிருந்து இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தார். குடித்த பிறகு, எந்த ஊர், பிரயாணம் எப்படி, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று விசாரித்தார். டாக்டர் கூடத்தை அண்ணாந்து பார்த்து, அருமையான வீடு, எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். மச்சான் சற்றே விழித்தார். பிறகு, நேற்றுதான் வந்தேன் என்று உண்மையைச் சொன்னார். அவர்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். மாடிக் கட்டில் உயரம், ராத்திரி எழுந்தால் ஏணியைத் தடவிப் பார்த்துக் காலை வைக்கவும் என்று அந்த அம்மாளுக்கு எச்சரிக்கை வேறு.

மாத்தச்சன் பின்கதவருகே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கடுத்திருந்தது. என்னிடம் வந்து, உங்கள் மச்சான் எங்கள் விருந்தினரைப் பிடுங்கிக்கொண்டார் என்றார் மெல்ல. ஆனால் அன்று இரவு சாப்பாட்டு மணி அடிக்கவில்லை. மாத்தச்சனே அறை வாசலுக்கு வந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பழக்கமில்லாத குரலில், "நாச்சிமுத்து சார், வாங்க, சாப்பிடலாம்" என்றார். மச்சான் மூன்று முறை மீன்குழம்பு போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை

எங்களுக்கும் டாக்டர் தம்பதிக்கும் ஒரே படகு வராது. அவர்கள் கொல்லம் போகிறவர்கள், முதலில் கிளம்பினார்கள். மானேஜரிடம் கணக்கை முடித்துவிட்டு, அந்த அம்மாள் படித்துறை வரை போனவர் திரும்பி வந்து மச்சானைத் தேடினார். போய்விட்டு வருகிறோம் என்று அவரிடம்தான் சொல்லிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் மச்சான் மட்டையைப் பற்றிப் பேசினார். எத்தனை மாதம் ஊற வேண்டும், அமராவதி ஆற்றுத் தண்ணீரில் ஊறுமா என்று படகில் ஒருவர் விடாமல் கேட்டார். பங்களாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எர்ணாகுளத்தில் கேட்க வாயெடுத்தேன், தூங்கிவிட்டார். மறுநாள் ஷொர்ணூரில் வண்டிக்குக் காத்திருந்தபோது பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

"உக்காருங் மாப்பிளே. பார்க்கறவனுக்கே காலு வலிக்குது."

உட்கார்ந்தேன். கேட்டும் விட்டேன்.

"மெத்தை, தொட்டி, எல்லாம் நீங்க வாங்கிப் போடுவீங்க, அது எனக்குத் தெரியும். வாசல்ல நின்னு 'வாங்க'ன்னு சொல்றது ஆருங்க?"

ஒரு ஆளைப் போடலாம் என்றேன். சம்பளத்துக்கா என்றார்.

"நீங்களும் தங்கச்சியும் அங்க குடி வந்துருங்க. உங்க ஊடா இருந்தாத்தான் நீங்க கூப்புட முடியும். வண்டி வர்ற நேரத்துல நீங்க வாசல்ல இருக்கோணும். அப்பிடின்னா ஆலைக்காரருகிட்ட இல்லீன்னு சொல்லிப்போடறேன். இல்லாட்டி கிடங்குக்கே விட்டுப்போடறேன், பஞ்சு மூட்டை தன்னை ஆரையும் கூப்புடச் சொல்லாது, பாருங்க."

நான் எதிர்பார்த்த சம்மதம்தான். ஆனால் இப்படி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பணம் போடச் சொல்லியிருந்தால் கடன் வாங்கியிருப்பேன். ராத்திரி பகலாக உழைக்கச் சொல்லியிருந்தால் குதித்திருப்பேன். ஓரிடத்தில் நிற்கச் சொல்கிறார். மதுரைக்கும் மைசூருக்கும் பம்பாய்க்கும் போக வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கிறவனை, மற்றவர்கள் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கச் சொல்கிறார். வண்டி பாலக்காடு தாண்டியதும் காய்ந்த காற்று முகத்தில் அடித்தது. போத்தனூரில் அவர் இறங்கும்போது, சரிங்க மச்சான் என்று சொல்லிவிட்டேன்.

ஆலப்புழையில் இருந்தது நம்மிடம் எதுவும் இல்லை. தேக்குத் தூண் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, வாசலில் தண்ணீர் இல்லை. நம் பங்களாவின் வாசலில் ஜட்காக் குதிரையின் சாணமும் பறக்கும் புழுதியும்தான். அங்கே இல்லாத ஒன்றை இங்கே வைக்க வேண்டும் என்றால், அது நான்தானாம்.

இனி ஆடி. நல்ல காரியம் எதுவும் தொடங்க முடியாது. சுண்ணாம்பு அடிப்பதும் கட்டில் செய்யச் சொல்வதும் ஆவணியில்தான். ஆனால் நிற்பதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. நாளைக் காலை பட்டணத்து வண்டி வரும்போது, பூட்டிய பங்களாவின் வாசலில் போய் நிற்கப் போகிறேன். அழைக்க உள்ளே இடம் இல்லை, பஞ்சுத் தூசிதான் இருக்கிறது. வண்டியிலிருந்து கடைசி ஆள் இறங்கிப் போகும்வரை கால் நகராமல் என்னால் நிற்க முடிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.