இரண்டும் இடது பக்கம்

டேப் அக்கா கழுத்தில் அளவு டேப் இல்லாத நாளே கிடையாது; தையல்கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் அது. பதினோரு வருஷம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டு அலமாரிகளில் அவளுக்கென்று ஒரு தட்டுகூட ஒதுக்கப்படவில்லை. துணிமணியெல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டிக்குள்தான் கிடந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

போன மாதம் தையல்கடைக்கு மேலேயே ஓர் அறை பிடித்துக் குடிவந்துவிட்டாள். ஒரே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள் என்று அண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்த அன்றே அவள் போய் ஓர் அலமாரி வாங்கினாள். கடையில் கம்பீரமாக நின்ற அலமாரி, வீட்டுக்கு இரண்டு அட்டைப்பெட்டிகளாகப் படுத்துக்கொண்டு வந்தது. கூடவே ஒரு பை நிறைய திருகாணி, அதை முடுக்க வளைந்த குட்டிச் சாவி ஒன்று, பூட்டும் முறையைக் காட்ட, பேச்சுக்கு ஒரு வார்த்தைகூட இல்லாத படப்புத்தகம். படத்திலிருந்த மனிதன் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பக்கத்திலேயே அவனைக் கண்டால் அவளுக்கு ஆகாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவள் மதியம் வரை மல்லுக்கு நின்றாள். இடது பலகை ஒழுங்காகப் பொருந்தியது. வலது பலகையை முன்விளிம்பு முன்னால் வர நிறுத்தினால் தட்டு மாட்டும் துளைகள் வெளியே சுவரைப் பார்த்தன. தலைகீழாக நிறுத்தினால் துளைகள் உள்ளே வந்தன, ஆனால் தட்டு சறுக்குமரமாகிவிட்டது. ஆறாவது தடவை கழற்றும்போதுதான் பொறி தட்டியது. தொழில் பழகிய புதிதில் அவளும் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். தொழிற்சாலையில் எவனோ அதையே செய்திருக்கிறான். வந்திருப்பது இரண்டுமே இடது பலகை.

அலமாரிக் கடைக்குப் போன் போட்டாள். பிரித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம், பலகைகளைப் பூட்டத் தெரியாமல் பூட்டியிருப்பீர்கள், வீட்டில் ஆம்பளை ஆள் இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள் என்று மேலாளர் கையை விரித்தார். அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைக் கிளப்பிவிட்டது.

மறுநாள் தையல்கடையைத் திறக்கவில்லை. இரண்டு பலகைகளையும் பழுப்புக் காகிதத்தில் துளைக்குத் துளை வரைந்து வெட்டி, மேல்பக்கம் எதுவென்று எழுதி, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அலமாரிக் கடைக்குப் போனாள். பார்வைக்கு வைத்திருந்த அலமாரியைத் திறந்து, ஒரு காகிதத்தை உள்ளே இடது பலகைமேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. அடுத்ததையும் அங்கேயே வைத்தாள். அதுவும் அப்படியே. மேலாளர் லேசில் விடுகிற ஆளில்லை. ஒன்றை உருவி, மறுபுறம் திருப்பி, வலது பலகைமேல் வைத்து, பொருந்துகிறதே என்றார்.

"காகிதத்தைத் திருப்பலாம் சார். பலகையைத் திருப்பினா ஓட்டை வெளிப்பக்கம் போயிடும். ஓட்டை ஒரு பக்கம்தானே போட்டிருக்கீங்க?"

வேடிக்கை பார்த்த ஒருவர் சிரித்துவிட்டார். மேலாளர் இறங்கி வந்து, சரியான பலகையோடு ஆளையும் அனுப்பிப் பூட்டித் தரச் சொல்கிறேன் என்றார்.

"பலகை மட்டும் போதும். பூட்டறதுக்கு வீட்டுல ஆள் இருக்கு. நான்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சுத்தியலோடு வந்து சேர்ந்தார். அலமாரி நின்றுகொண்டிருந்தது. கதவை ஆட்டிப் பார்த்தார், தட்டை அழுத்திப் பார்த்தார், குனிந்து அதன் காலைக்கூடத் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படாமல் சுத்தியலை ஓரமாக வைத்தார்.

"எதுக்கும் உன் பெட்டி வைக்கிற இடத்தை அப்படியே விட்டு வெச்சிருக்கேம்மா."

அவள் மூலையிலிருந்த பெட்டியை இழுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதையும் கொண்டுபோய் அங்கயே வெச்சுக்குங்கண்ணா. எனக்கு இனிமே வேணாம்."

கனமாக இருக்கும் என்று நினைத்து வேகமாகத் தூக்கியவர் தடுமாறிவிட்டார். பெட்டி காலியாக இருந்தது.