ஒன்பதுக்கு ஏறினால் ஐந்துக்கு

நகரப் பேருந்தை முப்பது வருஷம் ஓட்டிய மனுஷர் அவர். ஏறி இறங்கிய சனம் அவருக்கு ‘மணிக்கணக்கு’ என்றே பேர் வைத்திருந்தது. அவர் வண்டி தாமதம் என்று யாராவது சொன்னால், சொன்னவருடைய கடிகாரம்தான் பழுது. அப்படி ஒரு பிடிவாதம்.

மனைவி போய்ச் சேர்ந்தபின் அவருக்கென்று மிச்சம் ஒரே மகள். அவளும் உலகத்தின் அந்தக் கோடியில். மருமகனோ கப்பல் வேலையில். தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் நிற்க அப்பாவை விட்டால் ஆளில்லை.

“ஒரு மாசம் முன்னாடியே வந்துடுங்கப்பா.”

“வலி எடுத்ததும் ஒரு போன் போடு. எட்டு மணி நேரத்துல வந்து நிக்கிறேன். முன்னாடியே வந்து உன் வீட்டுல ஸ்டியரிங்கா பிடிக்கப் போறேன்?”

இந்த எட்டு மணி நேரம் அவரே கண்டுபிடித்த கணக்கு. தேதி மாற்றிக்கொள்ளும்படி டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். அதில் காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, மாலை ஐந்துக்குப் போய்ச் சேருவது, இரண்டுக்கும் ஒரே தேதி.

டிக்கெட் கடைப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். “சார், அந்த அஞ்சு மணி அந்த ஊர் மணி. பறக்கிறது பதினேழரை மணி நேரம். பதினாலாயிரம் கிலோமீட்டர் சார்.”

“ஏம்மா, அச்சடிச்ச டைமை விட்டுட்டு உன் வாயை நம்பச் சொல்றியா?”

“அங்க சூரியன் லேட்டா வரும் சார்.”

“அது சூரியனோட தப்பு.”

ஒரு விடிகாலையில் போன் வந்தது. “அப்பா, வலி வந்துடுச்சு. டாக்சில போய்க்கிட்டிருக்கேன்.”

“சாயங்காலம் அஞ்சுக்கு உன் பக்கத்துல இருப்பேன்டா.”

“எனக்கு இப்பதாம்ப்பா ராத்திரியே ஆகுது.”

அது அவர் காதில் விழவில்லை. விழ விடவில்லை என்பதே சரி.

விமானத்தில் எட்டு மணி நேரம் ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்து, இறங்கத் தயாராக உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே வெயில் அப்படியே நின்றது. கீழே கடல்.

“இறங்கப் போறோமாம்மா?” என்று பணிப்பெண்ணைக் கேட்டார்.

“பாதிகூட வரல சார். கொஞ்சம் தூங்குங்க.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எந்த நிறுத்தத்திலும் கைகாட்டிய ஆளை விட்டுவிட்டுப் போகாதவர், பெற்ற மகளை விட்டுவிட்டார். மிச்ச வழி முழுக்க அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, அழுத்தினால் விமானம் வேகம் பிடிக்கும் என்பதுபோல.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் கண் வீங்கிக் கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் பேத்தி. பிறந்து மூன்று மணி நேரமாகியிருந்தது.

“வாங்க. சொன்ன டைமுக்கு வந்துட்டீங்க.”

“தனியாவா இருந்தே?”

“நர்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டு உங்களை நல்லாத் திட்டினேன்.”

“மிச்சம் இருந்தா அதையும் திட்டிடு.”

திட்டினாள். ஓய்ந்தபின் அவளே கேட்டாள்: “எப்ப திரும்பப் போறீங்க?”

“திரும்புற டிக்கெட்டைப் பாத்தேன். திங்கக்கிழமை ராத்திரி ஏறினா புதன்கிழமை இறக்கிவிடுறானாம். என் வயசுக்கு அவ்வளவு தூரம் ஆகாது. மாப்பிள்ளை கப்பலை விட்டு இறங்கட்டும், பாக்கலாம்.”

“அப்பா, அதுவும் பதினேழு மணி நேரம்தான்.”

“அச்சடிச்சிருக்கான்மா,” என்று பேத்தியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.