எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர்

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு வறட்சி வந்தது. அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலாக் செலாத்தானுக்குப் போவார். அங்கே தனியாகக் குடியிருந்த ஒரு நர்ஸம்மாவின் வீட்டுக்குப் பின்னால், செடியும் இல்லாத கொடியும் இல்லாத வெறுந்தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, பொழுது சாயும்போது திரும்பி வருவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "எர்த்துக்குத் தண்ணி ஊத்தப் போனேன்" என்பார். இப்படி ஒரு பதிலை வாங்கிக்கொண்டு எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்? நான் சும்மா இருக்கவில்லை.

அவர் வயர்மேன். பிரிக்பீல்ட்ஸில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் வேலை. புதிதாக மின்சாரம் இழுக்கும் வீடுகளுக்குக் கம்பி ஓட்டி, சுவிட்சு வைத்து, விளக்கு மாட்டிக் கொடுப்பார்கள். நர்ஸம்மா வீட்டுக்கும் இவர்தான் கம்பி ஓட்டியது. ஊரார் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் போட்டுவிட்டு வருகிறவருக்கு எங்கள் பலகை வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். வீட்டுக்குச் சொந்தக்காரர் மின்சாரத்துக்கு மனம் வைக்கவில்லை. அதுகூட எனக்குப் பெரிய குறையில்லை. அந்த விளக்கு வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் வாயைத் திறக்கமாட்டார் என்பதுதான் குறை. காலையில் "போறேன்", மாலையில் "வந்துட்டேன்", நடுவில் "கொஞ்சம் ரசம்". இதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆண்பிள்ளைகளில் சிலர் அப்படித்தான் என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் திரியைக் கொளுத்திப் போட்டாள். அவளும் என்னைப் போலத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். புருஷன் ரயில்வேயில் கூலி. ஒருநாள் துணி காயப்போடும்போது, அந்த நர்ஸம்மா வீட்டில் உன் புருஷனுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்டாள். வாளித் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். அவர் என்றைக்கோ வாய்தவறிச் சொல்லியிருந்த இன்னொன்றையும் சொன்னேன்: அந்த இடத்தில் ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, ஒரு செப்புத் தகட்டை வைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி மூடியிருக்கிறார்கள் என்று.

அக்காவின் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

"செப்புத் தகடா? கரியும் உப்புமா? அடிப்பாவி, அது செய்வினையில்ல! ஆம்பளைய இழுத்து வச்சிக்கிறதுக்கு எங்க ஊர்ல இதேதான் செய்வாங்க."

"அவர்தான் புதைச்சாராம், அக்கா."

"அவரையே புதைக்க வச்சிருக்கா பாரு, கெட்டிக்காரி!"

நான் நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். மீதிப் பாதிக்குத் தகடும் மந்திரமும் தேவைப்படவில்லை. ஒரு மாதம் முன்பு கோயில் வாசலில் அந்த அம்மாளைப் பார்த்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அழகி என்று சொல்ல முடியாது. எனக்கு அதுவே கூடுதல் எரிச்சல். காலில் சப்பாத்து, கையில் குடை, உடம்பில் ஒரு வெள்ளைச் சேலை. அந்தச் சேலையில் தேடினாலும் ஒரு கசங்கல் கிடைக்காது. மின்சாரத்தில் சூடாகும் இஸ்திரிப்பெட்டி வைத்திருக்கிறாளாம். என் சேலையைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்து மடிப்பெடுத்தவள் நான். அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "சுகமா இருக்கிறீங்களோ?" என்று அவள் கேட்டாள். அவர் சிரித்தார், பல் தெரிய.

அன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "தண்ணி ஊத்தறதுக்கு நீங்க ஏன் போகணும்? அந்தம்மாவுக்குக் கையில்லையா?"

"அவங்களும் ஊத்துவாங்க. நான் ஒருக்கா பாக்கணும்."

"பிரிக்பீல்ட்ஸ்ல இத்தனை வீட்டுக்குக் கம்பி ஓட்டினீங்களே, எந்த வீட்டுக்குத் தண்ணி ஊத்தறீங்க?"

"இங்கல்லாம் குழாத் தண்ணி வருது. எர்த்தைக் குழாயிலேயே கட்டிருவோம். அங்கே கெணறுதான். மண்ணும் மணலு."

அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய பிரசங்கம். சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். நான் பேசவில்லை என்பது அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை.

அந்த வறட்சியிலேயே அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து கொடுத்தும் சட்டென்று அடங்கவில்லை. பகலெல்லாம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சல் ஏறி வாய் பிதற்றத் தொடங்கியது. என் பெயரைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமில்லை. அவர் சொன்னது இதுதான்: "மண்ணு காஞ்சிரும். தண்ணி ஊத்தணும். யாராச்சும் போங்க."

எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டு வந்தது. ஈரத்துணியை அவர் நெற்றியிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். அக்காவைக் கூப்பிட்டு, "பாத்துக்க அக்கா, நான் போய் ஊத்திட்டு வரேன்" என்றேன். "தனியாவா? அவ வீட்டுக்கா?" என்றாள். "தகட்டத் தோண்டி எடுத்துட்டு வந்துருடி!" என்று பின்னாலேயே கத்தினாள். இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். என் புருஷன் எனக்குத்தானா என்பது அன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கத்திக் கூச்சல் போட்டு அவள் மானத்தை வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாலாக் செலாத்தானில் அவள் வீடு இருந்த பக்கம் முழுவதும் சுரங்கத்தில் ஈயம் எடுத்தபின் கழித்துப் போட்ட மணல். வெயிலில் கண் கூசியது. புல்கூட ஒழுங்காக முளைக்கவில்லை. வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. மின்சாரக் கம்பி போன வழியே நடந்தேன். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"ஓ, நீங்களோ! வாங்கோ, வாங்கோ. அவர் வரேல்லையோ?"

"காய்ச்சல்" என்றேன். "தண்ணி ஊத்தச் சொன்னாரு."

அவள் முகம் வாடியது. எத்தனை நாளாகக் காய்ச்சல், நடுக்கம் எப்போது வருகிறது, என்ன மருந்து என்று கேட்டாள். உள்ளே போய் ஒரு சீசாவில் மருந்து கொண்டுவந்து, எப்படிக் கொடுப்பது என்று இரண்டு தடவை சொன்னாள். சண்டைக்கு வந்தவளிடம் மருந்தைக் கொடுத்தால் சண்டையை எங்கே வைப்பது? வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

பின்புறம் போனோம். சுவரோரம் பென்சில் பருமனில் ஒரு செம்புக் கம்பி இறங்கி மணலுக்குள் போனது. அந்த இடம் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

"நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு வாளி ஊத்துறனான்" என்றாள். "நீங்கள் மினக்கெட வேண்டாமெண்டு அவருக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

நான் தெரிந்துகொள்ள வந்தது கிடைத்துவிட்டது. அவர் வரத் தேவையே இல்லை. இருந்தும் வந்தார். கிணற்றிலிருந்து நானே ஒரு வாளி இறைத்து, ஈரமாக இருந்த இடத்திலேயே மறுபடியும் ஊற்றினேன். மணல் உறிஞ்சிக்கொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு வாளியும் ஊற்றினேன்.

வீட்டுக்குள் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாள். "இருங்கோ. அவர் வந்தால் இந்தக் கதிரையிலதான் இருப்பார்." நான் உட்கார்ந்தேன். காப்பி கொடுத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அவர் நல்லாக் கதைப்பார், என்ன?"

யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"வேலை முடிஞ்ச பிறகு கொஞ்ச நேரம் இருந்து கதைச்சிட்டுத்தான் போவார். இந்த எர்த்து என்னத்துக்கெண்டு நான் ஒருக்காக் கேட்டன். எவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினார்!" என்றவள், எனக்கும் விளங்கப்படுத்தத் தொடங்கினாள். இஸ்திரிப்பெட்டியை எடுத்து வந்து, மூன்று கம்பிகள் உள்ளே போவதைக் காட்டினாள். ஒன்று மின்சாரம் வர, ஒன்று திரும்பிப் போக. மூன்றாவது வேலையொன்றும் செய்யாமல் சும்மா காத்திருக்கிற கம்பி. வருகிற கம்பியின் உறை தேய்ந்து, கம்பி பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டால், பெட்டி முழுக்க மின்சாரம் ஏறிவிடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொடுகிறவரின் உடம்பு வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும், ஆளைக் கொன்றுவிட்டு. மூன்றாவது கம்பி பெட்டியின் இரும்பை நேராக மண்ணில் கிடக்கிற தகட்டோடு கட்டி வைத்திருப்பதால், மின்சாரம் அந்த வழியே பாய்ந்து ஓடிவிடும்.

"மண்ணுக்குள்ள போய் என்ன செய்யும்?" என்று நான் கேட்டுவிட்டேன். வாய் அடங்கவில்லை.

"நானும் இதைத்தான் கேட்டன்!" என்றாள் சந்தோஷமாக. மின்சாரம் உண்டாக்குகிற இடத்திலும் ஒரு கம்பியை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்களாம். இங்கே இறங்கியது மண் வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அவ்வளவும் ஒரே மூச்சில் ஓடுவதால் பியூஸ் உருகி அறுந்து, எல்லாம் நின்றுவிடும். மணல் காய்ந்துபோனால் வழி அடைபட்ட மாதிரி. பியூஸ் அறாது, பெட்டி மின்சாரத்தோடு ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் கரியும் உப்பும் தண்ணீரும்.

பிறகு அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எங்கள் பேச்சைப் பிடித்துப் பேசிக் காட்டினாள். "'கரண்டுக்குப் பொறப்பட்ட எடத்துக்குப் போய்ச் சேர்ற அவசரம்மா. சம்பள நாள்ல கள்ளுக்கடைக்குப் போறவன் மாதிரி, குறுக்குப் பாதை இருந்தா சுத்துப் பாதையில போகாது!'" சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அச்சொட்டா அவர் சொல்லுற மாதிரியே இருக்கோ?"

இருந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. என் புருஷனின் குரல் எப்படியிருக்கும் என்பதை ஒரு யாழ்ப்பாணத்துக்காரியின் வாயில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அவள் அவர் கையைத் தொட்டிருந்தால் எனக்கு ஒரு வழக்கு இருந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அழலாம், பஞ்சாயத்துக்குப் போகலாம். பேசிக்கொண்டிருந்தார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் உப்பையும் கரியையும் பற்றி. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். நல்லவள்தான். அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மருந்தைக் கொடுத்தேன். குடித்தார்.

"ஊத்தினியா?"

"ஊத்தினேன். ஏற்கெனவே ஈரமாத்தான் இருந்துச்சு."

அவர் மருந்துச் சீசாவை மூடித் தள்ளி வைத்தார்.

"எர்த்தைப் பத்தி அந்தம்மாவுக்கு அவ்வளவு சொல்லியிருக்கீங்க. எனக்கு ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே."

"அவ கேட்டாளா?"

"கேட்டாங்க."

நான் 'அவ' என்றதை அவர் 'கேட்டாங்க' என்று திருத்தியதும் எனக்குக் கேட்டது. ஏன் போகிறீர்கள் என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அதெல்லாம் கேள்வியில் சேராதாம். விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி, இப்பக் கேக்கிறேன். எர்த்து எதுக்கு? சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

உதடு காய்ந்து வெடித்திருந்தது. இருந்தும் சொன்னார். மூன்று கம்பியிலிருந்து தொடங்கினார். தேய்ந்த உறை, பெட்டியின் இரும்பு, மண்ணுக்குள் தகடு, அந்தப் பக்கம் மின்சார நிலையத்திலும் மண்ணில் இறங்கும் கம்பி, பியூஸ், காய்ந்த மணல். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. கள்ளுக்கடைக்குப் போகிறவன் வந்தான். அந்த இடத்தில் அவர் லேசாகச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எல்லாம் நான் மத்தியானமே கேட்டது. ஒரு சொல் குறையவில்லை. நான் காத்திருந்தது வேறொன்றுக்காக. அவளிடம் சொல்லாத ஏதாவது ஒன்று, எனக்கென்று ஒரு சொல், கூடுதலாக வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த மணலோடு முடித்தார். "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.