குகை கொடுத்த அண்டா

எங்கள் பாக்கியலட்சுமி அத்தைக்கு மெல்லப் பேச வராது. மலாய் நாட்டில் கஜா பெராங் என்ற ஊரில் இரண்டு பசு வைத்துப் பால் விற்றவர். அவர் மாட்டைக் கூப்பிட்டால் தூரத்துப் பண்டார் ஹிலிர் கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார் மாமா. மாமா எதையும் கூட்டிச் சொல்கிறவர்தான், ஆனால் இதில் அதிகம் கூட்டவில்லை. அந்தக் குரல்தான் மகள் கோகிலாவின் கல்யாணத்தை நடத்தி வைத்தது.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம். பித்தளை, இரும்பு எல்லாவற்றையும் வீடு வீடாக வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை வீட்டில் மிஞ்சியவை நான்கு மண்சட்டிகள். நூறு பேருக்குச் சாப்பாடு போடுவதாக மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மரவள்ளிக்கிழங்கும் கீரையும் ஒளித்து வைத்த கொஞ்சம் அரிசியும் இருந்தன, வேகவைக்க ஓர் அண்டா இல்லை. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கையில் சம்பந்தியம்மா வந்து, "சாப்பாடு போட முடியலன்னா சண்டை முடியட்டும், அப்பறம் வச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? கோகிலா அன்று சாப்பிடவில்லை.

பத்து பெரெண்டாம் என்ற ஊரைத் தாண்டி, அத்தை புல் அறுக்கப் போகும் குன்றில் ஒரு பாறைக் குகை உண்டு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத புனியான் மக்கள் வாழ்வதாக மலாய்க்காரர்கள் சொல்வார்கள். முன்காலத்தில் கல்யாண வீட்டார் வாசலில் நின்று கேட்டால், மறுநாள் காலை பாத்திரங்கள் வெளியே இருக்குமாம். யாரோ ஒருவன் ஒரு தட்டைத் திருப்பித் தராததால் கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம்.

"தராதவன் வேற ஆளு. நான் தருவேன்ல" என்றார் அத்தை.

வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்து, முதலில் மலாயில் கேட்டார். புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று தமிழிலும் கேட்டார். "ரெண்டு அண்டா, மூணு தவலை, ஒரு கரண்டி. எம்பொண்ணு கோகிலாவுக்குக் கல்யாணம்." அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டார்.

மறுநாள் காலை இரண்டு அண்டாவும் மூன்று தவலையும் குகை வாசலில் பளபளவென்று இருந்தன. கரண்டியை மட்டும் காணோம். புல்லுக்கடியில் மறைத்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. கிழங்குப் பாயசத்தை மாமா மூங்கில் கட்டையால் கிண்ட, சம்பந்தியம்மாவே மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

பாத்திரங்களைத் தேய்த்தபின் அத்தைக்குச் சும்மா திருப்பித் தர மனம் வரவில்லை. கோயில் விளக்கில் உபயம் வெட்டுவதுபோல, பெரிய அண்டாவின் கழுத்தில் 'கோகிலா திருமணம், குகைக்கு நன்றி' என்று பத்தர் கணேசமூர்த்தியிடம் வெட்டவைத்து, எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

ஜப்பான்காரன் போனபின் கோகிலாவுக்கு வளைகாப்பு வந்தது. அண்டா வாங்க அத்தை பண்டார் ஹிலிரில் அப்துல் கய்யூமின் பாத்திரக் கடைக்குப் போனார். மேல்தட்டில் அதே அண்டா, அதே எழுத்து. அத்தை கடைக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தாம்மா. கடைச் சாமான அங்கதான் ஒளிச்சு வச்சிருந்தேன். பாக்க வந்த நேரத்துல நீங்க வந்து நின்னுட்டீங்க. மாட்டினா தலை போயிரும்னு இருட்டுல உக்காந்திருந்தேன். பொண்ணு பேரச் சொல்லி அழுதீங்க. அதுக்கப்பறம் எப்படிம்மா குடுக்காம இருக்கிறது?"

அத்தை வாழ்நாளில் முதல் முறையாக மெல்லப் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கரண்டி ஏன் வைக்கல பாய்?" என்றார்.

"கரண்டி நான் விக்கிறதில்லம்மா. இந்த அண்டாவ நீங்களே கொண்டு போங்க. பேரு வெட்டினத யாரு வாங்குவா?"

அதற்குப் பிறகு கஜா பெராங்கில் எந்தக் கல்யாணத்துக்கும் அந்த அண்டாதான் போனது. அத்தை வாசலில் நின்று பெண்ணின் பெயரைச் சொன்னால் போதும். கூடவே ஒரு கரண்டியும் தருவார்.