எங்கள் பச்சை ஜீப்பும் கொழும்பு ஐயாவும்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற ஜீப்புக்கு நீளமான ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. முன்பக்கக் கம்பிவலைக்குக் கீழே சின்னத் தகடு ஒன்றில் எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்தப் பெயரைச் சொல்லும்போது, அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்வது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். தோட்டத்தில் மற்ற எல்லாருக்கும் அது ஜீப்பு. எனக்கும் அப்படித்தான்.

முதலில் அது எங்களுடையது இல்லை, தோட்டத்துத் துரையுடையது. அப்புத்தளைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் இவர் துரைக்கு டிரைவராக இருந்தார். துரைமார் மாறினார்கள், கம்பனி மாறியது, ஜீப்பும் இவரும் மட்டும் அப்படியே இருந்தார்கள். பிறகு ஆபீசுக்கு ஏசி போட்ட புது வண்டி ஒன்று வந்தது. பச்சை ஜீப்பைக் கொண்டுபோய்த் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்த சாமான்களோடு தள்ளிவிட்டார்கள். அதே சமயத்தில் இவரும் வேலையை விட்டு நின்றார். கையில் கொஞ்சம் காசு வந்தது. எனக்குத் தையல் மெஷின் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போன மனிதர், மத்தியானம் ஜீப்போடு வந்து நின்றார்.

"என்னங்க இது?"

"நான் வாங்கலேன்னா வெட்டி இரும்புக்குப் போட்டுருவாங்க புள்ள."

"போட்டா போடட்டுமே."

"இது இரும்பே இல்ல புள்ள. அலுமினியம்."

இப்படித்தான் அந்த வண்டியின் வரலாற்றை நான் கேட்க நேர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. ஏதோ பெரிய சண்டை ஒன்று முடிந்த நேரமாம். சீமையில் இரும்புக்குத் தட்டுப்பாடாம். ஆனால் ஆகாய விமானம் செய்கிற அலுமினியம் கிடைத்ததாம். விமானத்துக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டும் மிஞ்சிக் கிடந்ததாம். வயலில் உழவும் வேண்டும், சந்தைக்குப் போகவும் வேண்டும் என்று அங்கிருந்த விவசாயிகளுக்காக இந்த வண்டியைச் செய்தார்களாம். அதை வெள்ளைக்காரத் துரைமார் கப்பலில் ஏற்றி நம் மலைக்குக் கொண்டுவந்தார்களாம்.

"அப்போ மிச்சம் மீதியில செஞ்ச வண்டியா?" என்று கேட்டேன்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அலுமினியம் என்று கேட்டதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது உண்மை. எங்கள் சோற்றுப் பானையும் அலுமினியம்தானே. ஒரு நாள் அவர் டவுனுக்குப் போன நேரம் பார்த்து, அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் எடுத்துக்கொண்டு போய் முன் கதவைத் தேய்த்தேன். சேறு போகட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். சேறு போனது, பச்சையும் போனது. கதவு பானை மாதிரிப் பளபளத்தது. அவர் வந்து அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"ஏன் புள்ள, அடுப்புல ஏத்தப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஜீப்பில் நான் எங்கே உட்காருவது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. முன்னால் இடது பக்கம் துரை உட்காருகிற இடம். பின்னால் இருக்கிற பலகை, கடைசித் துரை வளர்த்த நாய் உட்காருகிற இடம். கன்றுக்குட்டி உயர நாய் அது. முதல் நாள் இவர் கட்டாயப்படுத்தி என்னை முன்னால் ஏற்றினார். அன்று நல்ல பனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்த ஜீப்பின் சத்தம் தெரியாத காது கிடையாது. துரை வருகிற சத்தம் அது. நாங்கள் கொழுந்து பறிக்கிற மலைப் பக்கம் திரும்பினதும், பனிக்குள்ளே கேட்ட பெண்களின் பேச்சு பட்டென்று நின்றது. கங்காணி வெற்றிலையைத் துப்புகிற சத்தம் கேட்டது. ரோட்டில் போன ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றார்கள். பக்கத்தில் போனதும் பார்த்தால், உள்ளே நான்.

"அடியே, நம்ம டிரைவரம்மாடி! சலாம் தொரைசாணி!" என்று ஒருத்தி கத்தினாள். மலை முழுவதும் சிரித்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் கை கால் ஓடாது. கோயிலில்கூடத் தூணுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். அன்று சாயங்காலமே பின் பலகைக்கு மாறிவிட்டேன். அங்கே மழை ஒழுகும். ஜீப்புக்கு உள்ளே குடை பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். "ஏன்க்கா, தொரை எடம் சும்மா கெடக்க நாய் எடத்துல குந்தியிருக்கீங்க?" என்று கேட்பார்கள். துரை இடம் அப்படிக் காலியாகவே போய் வந்துகொண்டிருந்தது.

கொழும்பில் வேலை செய்கிற எங்கள் மகன் ஒரு தடவை வந்தபோது, ஜீப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். கொஞ்ச நாளில் செய்தி வந்தது. பழைய வண்டிகள் மேல் ஆசை வைத்த பெரிய மனிதர் ஒருவர் அதை வாங்க வருகிறாராம். வருகிற காசில் ஒரு திரீவீல் ஆட்டோ வாங்கலாமாம்.

திரீவீல் என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்! அதற்கு இரண்டு பக்கமும் திரை உண்டு. இறக்கிவிட்டால் உள்ளே யார் என்று ஒருவருக்கும் தெரியாது. மழையும் ஒழுகாது.

இவர் மகனிடம் போனில், "ஒங்கம்மா சொன்னா குடுக்கிறேன்" என்றார். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்ற தைரியத்தில் சொன்னது அது. நான் வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் நன்றாகத் தலையாட்டினேன். அவர் முகம் சின்னதாகிப் போனது.

கொழும்பு ஐயா ரயிலில் அப்புத்தளைக்கு வந்து இறங்கினார். சொந்த ஊர் யாழ்ப்பாணமாம். நல்ல உயரம். காக்கி அரைக் களிசான், முழங்கால் வரை காலுறை, தலையில் வெள்ளைத் தொப்பி. பழைய துரை ஒருவர் பங்களாச் சுவர்ப் படத்திலிருந்து இறங்கி நடந்து வந்தது மாதிரி இருந்தது. ஆனால் சுபாவம் நல்ல சுபாவம். ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே படுத்தும் பார்த்தார். உடைந்ததை, நசுங்கினதை எல்லாம் தடவித் தடவி, "ஒரிஜினல்! எல்லாம் ஒரிஜினல்!" என்றார். பின் கதவை நாங்கள் கயிற்றால் கட்டியிருந்தோம்.

"இந்தக் கயிறும் ஒரிஜினலோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அது எங்க ஆட்டுக் கயிறு" என்றார் இவர்.

நான் தேய்த்த கதவைப் பார்த்துவிட்டு ஐயா, யாரோ செத்த வீட்டில் நிற்பது மாதிரித் தலையை மட்டும் ஆட்டினார்.

ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். தோட்டத்தின் மேல்பிரிவு ரோட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. அது ரோடு என்று பெயர்தானே தவிர, மழைக்குக் கல்லும் குழியும்தான். புது ஆபீஸ் வண்டியே பாதியில் நின்றுவிடும். "நீயும் வா புள்ள" என்றார் இவர். தனியாகப் போக அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன். நான் குடையோடு பின்னால் ஏறினேன். ஐயா துரை இடத்தில் உட்கார்ந்தார்.

நான் இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மேலே கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் சாக்கோடு தராசைச் சுற்றி நின்றார்கள். பனிக்குள்ளிருந்து ஜீப்புச் சத்தம் வந்தது. வழக்கம்போல "டிரைவரண்ணன்தான்" என்று இருந்திருப்பார்கள். பார்த்தால் துரை இடத்தில் ஆள்! தொப்பி, களிசான், காலுறை! கங்காணி தலைத்துண்டை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கம்பனிப் பெரிய தொரைடி! புது வண்டி ஏறமாட்டாம நம்ம டிரைவரண்ணன் வண்டியில வந்திருக்காரு!"

அவ்வளவுதான். எல்லாரும் ஜீப்பைச் சுற்றிக்கொண்டார்கள்.

"தொர, எங்க லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தைப் பாருங்க, படுத்தா வானம் தெரியுது!"

"பைப்புல தண்ணி வந்து எத்தன நாளாச்சு தொர!"

"நாங்க புள்ளைகள விட்டுட்டு வர்ற புள்ளக் காம்பராவுல பாலுன்னு வெறும் தண்ணியக் கரைச்சுக் குடுக்குறாங்க தொர!"

ஐயா பாவம், ஒன்றும் விளங்காமல் இவர் முகத்தைப் பார்த்தார். இவர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஐயா, "பாப்பம், பாப்பம்" என்றார்.

"பாக்குறேன்னு சொல்லிட்டாரு!" என்று கங்காணி பின்னால் நின்றவர்களுக்குக் கத்திச் சொன்னார்.

"போன தொரையும் அதத்தான் சொன்னாரு. எல்லாரையும் ஒரே பள்ளிக்கொடத்துல படிக்கவச்சு அனுப்புவாங்க போல" என்றாள் ஒருத்தி.

ஐயாவுக்கு என்ன ஆயிற்றோ, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இவர் பக்கம் குனிந்து மெதுவாக, "நல்லாத்தான் இருக்குது. எங்கட வீட்டில என்னை ஒருத்தரும் இப்பிடிக் கவனிக்கிறேல்லை" என்றார். ஜீப்பைக் கட்டாயம் வாங்கிவிடுவார் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. மனதுக்குள் திரீவீல் திரையை இறக்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, முன்பு எனக்குச் சலாம் போட்டவள் பின்பக்கம் வந்தாள். "ஏன்க்கா, ஒங்க வீட்டுக்காரரு மூஞ்சி ஏன் தொங்கிப் போயிருக்கு? தொரை ஏசிட்டாரா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. குடைக்குள்ளிருந்தே, "அவரு தொரை இல்ல. ஜீப்பு வாங்க வந்தவரு" என்றேன். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். அவளுக்குக் கேட்டால் மலைக்கே கேட்ட மாதிரிதான்.

"ஏய்! இவரு தொரை இல்லையாம்! ஜீப்பை வெலைக்குக் கேட்டு வந்திருக்காராம்!"

கங்காணி தலைத்துண்டை எடுத்துத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார். ஐயா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் எல்லாரும் இவர் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன டிரைவரண்ணே, ஜீப்போட எங்களையும் சேத்தா விக்கிறீங்க?"

"என்னைக் கேக்காதீங்க. டிரைவரம்மாவக் கேளுங்க" என்று இவர் கையை விரித்துவிட்டார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினதுக்கு இது.

"வித்துட்டு எதுலக்கா போவீங்க?"

"திரீவீல்ல" என்றேன்.

"திரீவீலா! மழை பேஞ்சா அது இந்த ஏத்தத்துல தவக்கா மாதிரி குந்திக்கும். எறங்கி நீங்கதான் தள்ளணும், திரைய இழுத்து விட்டுக்கிட்டு!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் குடைக்குள்ளேயே வியர்த்தது. அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மேல்பிரிவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிள்ளை. வயிறு முன்னால் நின்றது. அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. பக்கத்து வீட்டில் அம்மி இரவல் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு அடுத்த மாசம். அது வரைக்கும் வச்சிருங்க. அப்புறம் வித்துக்கங்க."

மேல்பிரிவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்க இந்த ஜீப்பை விட்டால் கொழுந்து லொறிதான். இவளுடைய நாத்தனாருக்கு வலி எடுத்த அன்று இவர் ஜீப்போடு பதுளைக்குப் போயிருந்தார். லொறியில் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில்தான் பிள்ளை பிறந்தது. பிழைத்தது கடவுள் செயல். மீரியபெத்தையில் மண் சரிந்ததிலிருந்து, மழை விடாமல் பெய்தால் கிழடுகளையும் பிள்ளைகளையும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறக்குவதும் இந்த ஜீப்புதான். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் திரையைப் பற்றி நினைத்தபோது இதை நான் நினைக்கவில்லை.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஐயாவும் திரும்பிப் பார்த்தார்.

"சரி, புள்ள பொறக்கட்டும்" என்றேன்.

"ஓம், அது நியாயந்தானே. பிள்ளை பிறக்கட்டும். நான் பிறகு வாறன்" என்றார் ஐயா. அன்று பின்னேர ரயிலுக்கே போய்விட்டார்.

அடுத்த மாதம் கொட்டுகிற மழையில் அந்தப் பெண்ணை இறக்கினோம். பின் பலகையில் அவள் தலைக்கு மேலே நான் குடை பிடித்தேன், நான் நனைந்தேன். ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு வாரத்தில் கொழும்பிலிருந்து ஐயா போன் பண்ணினார். அந்தப் போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும்.

"பிள்ளை பிறந்திட்டுதோ?"

"பொறந்துருச்சுங்க. பொம்பளப் புள்ள. ஆனா இன்னொன்னு இருக்குதுங்க."

"இரட்டையோ?"

"இல்லீங்க. அது வேற ஆளு. கடைசி லயம்."

அந்தப் பிள்ளையும் பிறந்தது. அதற்குள் கங்காணியின் மருமகள். அதற்குப் பிறகு இன்னொருத்தி. ஐயா ஒரு தடவையும் கோபப்படவில்லை. பிள்ளை பிறந்ததா, ஆணா பெண்ணா, தாய் சுகமா என்று கேட்பார். பிறகுதான் ஜீப்பைப் பற்றிக் கேட்பார். ஒரு தடவை குழந்தைச் சட்டைகள் ஒரு பார்சல் வந்தது. எங்கள் மகன்தான் தலையில் அடித்துக்கொண்டான். இவரோ மேல்பிரிவுக்குப் போகும்போதெல்லாம் யாருக்கு வாந்தி, யார் மாங்காய் கேட்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். "டிரைவரண்ணே, இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு?" என்று மருத்துவிச்சி மிஸ் நடு ரோட்டில் வைத்துக் கேட்டாராம்.

போன மாதம் அப்படி விசாரித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மேல்பிரிவில் ஒருத்திகூட மாசமாக இல்லையாம். மூன்றாம் நாள் போன் அடித்தது. கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன புள்ள சொல்றது?"

அன்னிய ஆம்பிளையிடம் போனில் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஐயா, வணக்கமுங்க. இப்ப யாரும் இல்லீங்க. ஆனா போன வாரந்தான் மேல ஒரு கல்யாணம் நடந்துச்சுங்க."

அந்தப் பக்கம் ஐயா சிரித்துவிட்டார்.

"சரி அம்மா. அப்ப நான் அடுத்த வருசம் போன் எடுக்கிறன்."