வெட்டுப்பட்ட ஆடுகள்

பென்னாகரம் பக்கத்தில் மாதம்மாளைப் போல் ஒரு சந்தேகப் பிராணி பிறந்ததில்லை. பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பாள். சாமியாடும் பூசாரி ஓரக்கண்ணால் யாரையாவது பார்க்கிறாரா என்று குனிந்து பார்ப்பாள். பட்டாளத்துக்குப் போன அவள் புருஷன் பெரியண்ணனைச் சிங்கப்பூர்ச் சண்டையில் காணவில்லை என்று நாற்பத்திரண்டில் தந்தி வந்தபோது, மாமனார் வீட்டில் கருமாதியே செய்து முடித்துவிட்டார்கள். மாதம்மாள் மட்டும் தாலியைக் கழற்றவில்லை.

"பொணத்தக் காட்டுங்க, அறுக்கறேன்" என்றாள். அந்தச் சந்தேகம்தான் அவளை நான்கு வருஷம் உயிரோடு வைத்திருந்தது.

நாற்பத்தாறில் ஒருவன் வந்து, நான்தான் பெரியண்ணன் என்றான். முன்பல் இல்லை, உடம்பில் சதை இல்லை, குரல்கூடக் கம்மிப் போயிருந்தது. ஊரே கட்டிக்கொண்டு அழுதது. மாதம்மாள் வாசற்படியை விட்டு நகரவில்லை.

கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொன்னான். கிணற்றில் விழுந்த கிடாரி, கல்யாணத்தன்று பெய்த மழை, எல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. ஜப்பான்காரன் முகாமில் பெரியண்ணனுக்குப் பக்கத்தில் கைதியாகப் படுத்துக் கிடந்த எவனுக்கும் இந்தக் கதைகள் தெரிந்திருக்குமே! நிலத்துக்காக வந்தவனாக இருந்தால்? எவனையோ உள்ளே விட்டால் மானம் போகும். புருஷனையே விரட்டினால் வாழ்க்கையே போகும். பாவம், அவளும்தான் என்ன செய்வாள்? அவனை மாட்டுக் கொட்டாயில் படுக்கச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் களத்துப் பாறையில் கரியால் கோடு போட்டாள். ஆடு புலி ஆட்டம். பெரியண்ணனுக்கு எப்போதும் புலிதான். புலிகள் மூன்றும் நகர வழியில்லாமல் அடைபட்டால் தோல்வி. அடைபட்டதும் அவன் காய்களை வாரி எறிந்து, ஆட்டம் செல்லாது என்று கத்துவான். செத்தாலும் தோற்றேன் என்று சொல்லாத மனுஷன்.

வந்தவன் புளியங்கொட்டைப் புலிகளை நகர்த்தி, இரண்டு ஆடுகளைத் தாண்டி வெட்டித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அவளுடைய ஆட்டுக் கற்கள் சுற்றி வளைத்தன. கடைசிப் புலியும் அடைபட்டது. அவன் கத்தவில்லை. "தோத்துட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டான்.

மாதம்மாள் எழுந்து நின்றாள். "நீங்க அவரில்லீங்க. எந்திரிச்சிப் போயிடுங்க."

"போறேன். நான் வெட்டின ரெண்டு ஆடும் மறுபடி மேய வந்துடுச்சே, அது எப்படின்னு மட்டும் சொல்லு."

அவள் கை தானாக மடியைப் பொத்திக்கொண்டது. ஊரையே சந்தேகப்படுகிற மகராசி, வெட்டுப்பட்ட ஆடுகளைத் திருடி மடியில் ஒளித்து மறுபடி இறக்குகிறவள். அது பெரியண்ணன் ஒருவனுக்குத்தான் தெரியும். பெண்டாட்டியிடம் ஏமாந்ததை அந்த ரோஷக்காரன் எந்த முகாமிலும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டான்.

"பாத்துட்டும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"சிங்கப்பூர்ல துப்பாக்கியக் கீழ வைங்கன்னு எங்க தொரைங்களே சொன்னாங்க. சுடறதுக்கு இன்னும் குண்டு இருந்துச்சு மாதம்மா. வெச்சிட்டோம். அன்னியோட அந்த ரோசமெல்லாம் போயிடுச்சு."

மாதம்மாள் ஓவென்று அழுதாள். நான்கு வருஷமாக அழாத அழுகை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கற்களைக் கூட்டிச் சேர்த்தாள்.

"இன்னொரு ஆட்டம் வைங்க. இந்தத் தபா திருட மாட்டேன்."

பெரியண்ணன் நம்பவில்லை. "மொதல்ல மடியக் காட்டு" என்றான்.