சாலையைக் கடந்த ஓணான்

பல்லாவரத்தில், இரண்டு பாறைக்குன்றுகளுக்கு நடுவே போகும் சாலையோரம் நிற்கிறேன். மதிய வெயில். மீன் விற்கும் அக்கா என் சுருக்குக் கம்பைப் பார்க்கிறார்.

"இன்னா சார், ஓணானா புடிக்கிறீங்க?"

"மரபணு சோதனைக்கு வால் நுனியில துளி எடுத்துட்டு விட்டுடுவேன் அக்கா. வீடுங்க சூழ்ந்து ரெண்டு குன்றும் தீவாயிடுச்சு. இந்தக் குன்று ஓணானும் அந்தக் குன்று ஓணானும் இன்னும் ஒண்ணு சேருதான்னு தெரியணும்."

"முன்ன நடுவுல முள்ளுக்காடு. நெழல்ல வந்துகினு போய்கினு இருக்கும். இப்போ ரோடு கொதிக்குது, எங்க வரும்?"

அப்போது ஓர் ஓணான் சாலைக்குள் ஓடிவந்து நடுவில் நின்றுவிடுகிறது. ஆட்டோ ஒன்று வேகமாக வருகிறது. அக்கா பாய்ந்து கைநீட்டி அதை நிறுத்துகிறார். ஓணான் எதிர்க்குன்றின் பாறையிடுக்கில் புகுந்து மறைகிறது.

"புடிக்காம வுட்டுட்டீங்களே சார்?"

"அந்தக் குன்றுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சே அக்கா, எனக்குத் தெரியணும்னது அதானே."